வெடிப்பும் வாடிக்கையாளரும்

"ஒருவரும் இறக்கவில்லையே, பின் எதற்கு இத்தனை ஆரவாரம்?" என்று கேட்போர் உளர். விமானங்களின் உடலில் வெடிப்புத் தேடும் கட்டாயப் பரிசோதனை கம்பனிகளின் காலிற் பூட்டிய விலங்கு என்பது இவர்களது வாதம்.

ஆகாய விமானம் உயர எழும்போது, பிரயாணிகள் மூச்சுவிடுவதற்காக உள்ளே காற்று அமுக்கி நிரப்பப்படுகிறது. அதன் உடல் சிறிது விம்முகிறது, இறங்கியதும் தணிகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டேயிருந்தால் என்னவாகுமென்பதை என் வகுப்பு மாணவனும் அறிவான். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. ஆணித்துளைகளின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுகிறது. அதனை மின்கருவி கொண்டு தேடவேண்டும். தேடுவதற்கு விமானம் தரையில் நிற்கவேண்டும். நிற்கும் விமானம் பணம் உழைப்பதில்லை. சண்டையெல்லாம் இங்கேதான்.

1988 ஏப்ரல் 28 ஆந் திகதி, ஹவாய்த் தீவுகளிடையே பறந்த அலோகா கம்பனியின் போயிங் 737 விமானத்தின் கூரை 24,000 அடி உயரத்திற் பிய்ந்து பறந்தது. பணிப்பெண்ணொருவர் வெளியே வீசுண்டு மாண்டார். 19 வயதான அவ்விமானம் அதற்குமுன் 89,680 தடவை பறந்திருந்தது. பரிசோதனைக் கட்டளை முந்திய ஆண்டே பிறந்துவிட்டது. ஆயின், எல்லா மூட்டுகளையும் பார்க்கும்படி விமானத்தைக் கட்டியவர்களே கூறியிருக்க, அரசாங்கத்தின் கட்டளையோ சில மூட்டுகளோடு நின்றுகொண்டது. விமானத்தில் ஏறும்போதே ஒரு பிரயாணியின் கண்ணுக்கு வெடிப்புத் தென்பட்டதாம்!

இவ்வளவும் அனுபவித்தறிந்த அமெரிக்காவிலேதான், சவுத்வெஸ்ட் கம்பனி 2006 ஜூன் முதல் 2007 மார்ச் வரை, கட்டாயப் பரிசோதனை நிறைவேறாத 46 விமானங்களை 59,791 தடவை பறக்கவிட்டது. தவற்றைத் தானே கண்டபின்பும் மேலும் 1,451 தடவை! பின்னர் பரிசோதித்தபோது ஆறு விமானங்களில் வெடிப்பு இருந்தது. தடுக்கவேண்டிய அரசாங்க மேற்பார்வையாளரோ அறிந்தே இடங்கொடுத்தார். இதில் ஆச்சரியமென்ன? அந்த விமான நிர்வாகம் அக்காலத்தில் கம்பனிகளைத் தன் 'வாடிக்கையாளர்' என்றே அழைத்து வந்தது. தமிழ் கற்பிப்பவனாகிய எனக்கு இந்தச் சொல்லைச் சும்மா விட மனமில்லை. வாடிக்கையாளரின் மனங்கோணாது நடப்பது கடைக்காரனின் தொழில். நீதிபதிக்கு வாடிக்கையாளர் உண்டா? பரீட்சைத் தாள் திருத்துபவனுக்கு உண்டா?

மௌனஞ் சாதிக்க மறுத்த பரிசோதகர் இருவர், சம்பளத்துக்கு உழைக்கும் சாதாரண உத்தியோகத்தர், 2008 ஏப்ரலில் காங்கிரஸ் குழுவின் முன் நடந்ததைச் சொன்னார்கள். தமது வேலைக்கே அச்சுறுத்தல் வந்ததையும் சொன்னார்கள்.

"ஒருவரும் இறக்கவில்லையே" என்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்: அலோகா விமானமும் ஏறக்குறைய 90,000 தடவை ஒருவரையும் கொல்லாமலே இறங்கியதுதான்.

கம்பனியிடம் முதலிற் கேட்ட அபராதம் 1 கோடியே 2 இலட்சம் டொலர். 2009 இல் பேசி முடித்தது 75 இலட்சம். கணக்கு என் பாடமன்று. ஆயினும் வகுத்துப் பார்த்தேன். பறப்பொன்றுக்கு 122 டொலர். ஆசனமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டொலர்.