நாடி பார்க்கிற இடத்திலேயே காலுக்கு ஒரு வழி!

"கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. நின்னா சரியாப் போயிடுது. வாதமாத்தான் இருக்கும், நல்ல தைலமா கொடுங்க!" - சித்த வைத்தியர்களிடம் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் அநேகம். நீங்களும் கேட்டிருக்கலாம்.

தைலம் தரலாம்தான். ஆனால் நடந்தால் வலி, நின்றால் நிம்மதி என்றால் அது பெரும்பாலும் வாதம் அல்ல. காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதில் முன்வரிசை. கவனிக்காமல் விட்டால் ஆறாத புண், கறுத்த விரல், கடைசியில் காலையே எடுக்க வேண்டிய நிலை!

'ஆஸ்பத்திரிக்குப் போனா தொடை இடுக்கில் குத்துவாங்களாமே' என்ற பயத்திலேயே நாள் கடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இப்போது பலருக்கு மணிக்கட்டு வழியாகவே காலின் அடைப்பை நீக்குகிறார்கள். ஆமாம், நாங்கள் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கபம் பார்க்கிறோமே, அதே இடம்தான்!

கதை காலில்தான் ஆரம்பித்தது. 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியைக் குழாய் செலுத்தி விரித்தார். கால் பிழைத்தது! அந்த வித்தை பிறகு இதயத்துக்குப் போனது. 1989-ல் கனடாவின் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியாக இதய ரத்தக்குழாயைப் படம் பிடித்தார். 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் கீமனேய் அதே வழியில் இதய அடைப்பை நீக்கினார். இன்று அந்த வழி காலுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

மணிக்கட்டில் என்ன வசதி? அங்கே தமனி தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் ஓடுகிறது. ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்தாலே நிற்கும். தொடை இடுக்கில் கசிவது வயிற்றுக்குள் இறங்கினால் வெளியே தெரியாது. அதோடு, அங்கே குத்தினால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு என்றால் சீக்கிரமே எழுந்து உட்காரலாம், நடக்கலாம்.

'கை கெட்டுப் போகாதா?' என்பீர்கள். உள்ளங்கைக்கு இரண்டு தமனிகள் ரத்தம் தருகின்றன. ஒன்று அடைபட்டாலும் பெரும்பாலும் மற்றொன்று ஈடு கொடுக்கும்.

அதற்காக, 'எனக்கும் கை வழியாத்தான் செய்யணும்' என்று அடம் பிடிக்காதீர்கள்! மணிக்கட்டுத் தமனியின் அகலம் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான்; பெரிய கருவிகள் நுழையாது. மணிக்கட்டிலிருந்து பாதம் வரை நீளமும் அதிகம். உயரமானவர்களுக்கும், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்கும் டியூப் எட்டாமல் போகலாம். மூளைக்கு ரத்தம் போகிற கிளைகளைத் தாண்டிச் செல்வதால் பக்கவாத அபாயம் சிறிதளவு உண்டு. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தேவைப்படக்கூடியவர்களுக்கு அந்தத் தமனியைப் பத்திரப்படுத்தி வைப்பதே நல்லது. எந்த வழி என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். "மணிக்கட்டு வழி எனக்கு ஒத்து வருமா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

எங்கள் துறையினருக்கும் ஒரு வார்த்தை. கை நாடி பார்ப்பதோடு நிற்காமல் பாதத்தின் நாடித் துடிப்பையும் தொட்டுப் பார்ப்போம். அது கிடைக்கவில்லையா? கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடச் சொல்லி அனுப்புவோம். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். அனுப்பி வைப்பதும் வைத்தியம்தான். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை:

* புகையிலையை எந்த வடிவிலும் இன்றே விடுங்கள்.
* டாக்டர் சம்மதித்தால் தினம் நடங்கள். வலி வந்தால் நில்லுங்கள், அடங்கியதும் மறுபடி நடங்கள்.
* மரத்துப்போன பாதத்துக்குச் சுடு ஒத்தடம் வேண்டாம், வெந்தாலும் தெரியாது. கறுத்த விரலுக்குப் பற்றுப் போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம்.
* அடைப்பு நீக்கிய பிறகு தருகிற ரத்தம் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த மருந்து சாப்பிடுகிறீர்களா? அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
* திடீரென ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, பொறுக்க முடியாமல் வலித்தால் அன்றே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரம்தான் அவகாசம்.

தைலம் எங்கேயும் போய்விடாது, பிறகு தேய்த்துக்கொள்ளலாம். போன கால் திரும்பி வருமா?