சொறி சிரங்கும் வைத்திய மேதாவிகளும்

சொறி சிரங்கு என்றால் அது ஏதோ அற்ப விஷயம் என்று பலர் நினைக்கின்றார்கள். ஆனால், பட்டம் பெற்றவன் சொல்லுவதெல்லாம் உண்மை, எழுத்தறியாதவன் சொல்லுவதெல்லாம் உளறல் என்னும் குருட்டு நம்பிக்கையால் மக்கள் எவ்வளவு காலம் சொறிந்துகொண்டே இருந்தார்கள் என்பதற்கு இந்தச் சிரங்கைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை என்றே சொல்லுவோம்.

ஐரோப்பாவின் வைத்திய பண்டிதர்கள் வெகுகாலமாக என்ன சொல்லி வந்தார்கள்? உடம்புக்குள் ரத்தம் கெட்டுவிட்டது, துர்நீர் மிகுந்துவிட்டது, அதுதான் தோல் வழியாக வெளிவருகின்றது என்றார்கள். ஆகவே பேதிக்குக் கொடுத்தார்கள், ரத்தத்தை வடித்தார்கள். வெளியே மருந்து தடவினால் வியாதி உள்ளே ஓடிவிடும் என்றும் பயமுறுத்தினார்கள். ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஹானிமனோ, அப்படி உள்ளே அடங்கிய சிரங்கே தீராத வியாதிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் என்று 1828-ல் ஒரு நூலே எழுதினார்.

ஆனால் உண்மை எங்கே இருந்தது? ஏழைப் பெண்களின் ஊசி முனையில் இருந்தது! இத்தாலியில் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளின் தோலிலிருந்து ஒரு சிறு பூச்சியைக் குத்தியெடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதைப் பொனோமோ என்னும் வைத்தியர் கண்டார். தாமும் பூதக்கண்ணாடியில் பார்த்து, சிரங்குக்குக் காரணம் இப்பூச்சிதான் என்று 1687-லேயே எழுதி வெளியிட்டார். வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டதா? இல்லை. ஏற்றுக்கொண்டிருந்தால் கெட்ட ரத்தக் கதை இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்திருக்குமா?

1812-ல் பாரிஸ் செயிண்ட் லூயி ஆஸ்பத்திரியைச் சேர்ந்த காலே என்பவர் பூச்சியைக் கண்டதாகப் படம் போட்டுக் காட்டினார். அது பாலாடைக்கட்டியில் நெளியும் பூச்சியின் படம் என்று பிறகு வெளியாகி, சந்தி சிரித்தது. உடனே, பூச்சி என்பதே பொய் என்று சாதிக்க வந்துவிட்டார்கள்.

கடைசியில் 1834-ல் அதே ஆஸ்பத்திரியில் ரெனூச்சி என்னும் ஒரு வைத்திய மாணாக்கர் முன்வந்தார். அவர் கார்சிகா தீவில் பிறந்தவர். அங்கே கிராமத்துப் பெண்கள் செய்வதைப் பார்த்தவர். பெரியவர்கள் முன்னிலையில் ஒரு நோயாளியின் தோலிலிருந்து ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டினார். மந்திரமில்லை, மாயமில்லை. பண்டிதர்கள் கொப்புளத்துக்குள் தேடினார்கள். பூச்சியோ தோலில் தான் குடைந்த வளையின் கோடியில் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்! மறு வருஷம் அதையே தமது பட்ட ஆராய்ச்சியாகவும் எழுதினார்.

நிற்க. இது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி எந்தச் சமயத்திலும் 20 கோடிப் பேருக்குமேல் இந்நோய் இருக்கின்றது. ஆனாலும் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் அதைச் சேர்க்க 2017 வரை ஆயிற்று. இன்றும் நம்மில் எத்தனை பேர் உஷ்ணம் என்கின்றார்கள், ரத்தக் கெடுதி என்கின்றார்கள், ஏழைகளின் அழுக்கு என்று ஏசுகின்றார்கள்! தோலோடு தோல் நெருங்கப் பரவும் பூச்சிக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் தெரியாது. பத்துப் பேரை ஒரே அறையில் படுக்கவைக்கும் வறுமையல்லவா அதை வளர்க்கின்றது?

முதன்முறை தொற்றி நமைச்சல் தோன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகையால் சொறிகின்றவனுக்கு மாத்திரம் மருந்து கொடுப்பது வீண்வேலை. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். துணிகளையும் வெந்நீரில் அலசவேண்டும். இதை விட்டு, நமைச்சலை மட்டும் அடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் அடையாளம் மறையுமே தவிர பூச்சி ஒழியாது.

தோழர்களே! வைத்தியத்தை நம்பாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பூச்சியை மெய்ப்பித்ததும் வைத்திய ஆராய்ச்சிதான். எவர் சொன்னாலும் காட்டச் சொல்லுங்கள், கண்ணால் பாருங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். ஒரு மாணாக்கர் கேட்ட பாடத்தை நம்பாமல் கண்ட உண்மையை நம்பியதால்தான் சிரங்குக்கு வழி பிறந்தது. வீட்டுக்கு வீடு இதை எடுத்துச் சொல்ல நமக்கென்ன தடை என்று கேட்கின்றோம்.