காலாவதியான மசோதாவும் கல்ஃப் தமிழனின் ஓட்டும்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. துபாயில் மூன்று நாள் முன்பு கொட்டிய பேய்மழையின் வெள்ளம் பல இடங்களில் இன்னும் வடியவில்லை, விமானங்களும் சரிவர ஓடவில்லை. தேராவில் எங்கள் ரூமில் செல்போனில் தேர்தல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். "டிக்கெட் போட்டிருந்தாலும் போயிருக்க முடியாதுண்ணே" என்றார் கடலூர் தம்பி. எல்லோரும் சிரித்தோம். யோசித்தால் இது சிரிக்கிற விஷயமில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியர்கள் வாக்காளர் பட்டியலில் சேரலாம் என்று 2010-லேயே சட்டம் திருத்தப்பட்டது. படிவம் 6ஏ நிரப்பினால் போதும். ஆனால் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோடு நேரில் வரணும். லேபர் கேம்ப்பில் இருப்பவருக்கு லீவு யார் தருவது, டிக்கெட் காசுக்கு எங்கே போவது?

இதைச் சரிசெய்ய 16-வது மக்களவை ஒரு அடி எடுத்து வைத்தது. ஊரில் இருக்கும் ஒருவரை நமக்குப் பதிலாக ஓட்டுப் போட நியமிக்கலாம் என்ற மசோதா, 2018 ஆகஸ்ட் 9 அன்று அங்கே நிறைவேறியது. மாநிலங்களவையில் அது நிறைவேறவே இல்லை. 2019 மே மாதம் மக்களவை கலைந்தது. அரசியல் சாசனத்தின் 107-வது பிரிவுப்படி மசோதாவும் காலாவதி.

அடுத்து வந்த 17-வது மக்களவை ஐந்து வருஷம் முழுசாக இருந்தும் அந்த மசோதா திரும்ப வரவில்லை. மின்னணு முறையில் தபால் ஓட்டு தரலாம் என 2020-ல் தேர்தல் ஆணையம் சொன்ன யோசனையும் நடைமுறைக்கு வரவில்லை.

பதிலி ஓட்டில் சிக்கல் உண்டு, மறுக்கவில்லை. நான் சொன்ன சின்னத்தில்தான் என் மச்சான் குத்தினாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தச் சந்தேகத்தை சபையில் பேசித் தீர்க்கணும். பேசாமலே சாகவிடுவது என்ன நியாயம்?

விளைவைப் பாருங்கள். 2024-ல் பதிவு செய்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் சுமார் 1.19 லட்சம் பேர். ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். அதில் 2,670 பேர் கேரளாவில் போட்டவர்கள். நாம எங்கே?

ஒரு மசோதாவின் ஆயுள் அந்த மக்களவையோடு முடிகிறது. நாம் அனுப்பும் பணத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது, மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கிறது. 18-வது மக்களவை ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த லீவில் ஊருக்குப் போனால் உங்க எம்.பி.யிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எங்க ஓட்டுக்கு இந்த டேர்மிலாவது வழி உண்டா?"