கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

திருக்கோட்டியூரில் தாம் பெற்ற திருவெட்டெழுத்தின் பொருளை இராமாநுஜர் கோயில் கோபுரத்தின் மீதேறி அனைவர்க்கும் உரைத்தருளினார் என்பது வைணவ மரபு போற்றும் வரலாறு. நல்ல சொல் எல்லார் செவியிலும் விழவேண்டும் என்பதே அப்பெருமானின் கருணை. இன்று அதற்காகக் கோபுரம் ஏற வேண்டியதில்லை. கையடக்கமான ஒலிவாங்கி போதும். ஆயினும் சொல் அனைவரையும் சென்றடைகிறதா?

ஜொகூர் ஆலயங்களின் திருவிழா மேடைகளைக் கவனிப்போர்க்கு விடை எளிதில் புலப்படும். பேச எழுந்தவர் ஒலிவாங்கியை விரலால் தட்டுகிறார், வாயால் ஊதுகிறார். பின்னர் உரை முழங்குகிறது, பொருள்தான் விளங்குவதில்லை. பின்வரிசை மூதாட்டியர் செவிமடலில் கையைக் குவிக்கின்றனர். இளையோர் மெல்ல வெளியே நழுவுகின்றனர். சமய அறிவு பெறவேண்டிய பிள்ளைகள் வெறும் இரைச்சலைச் சுமந்து வீடு திரும்புவது பெரும் இழப்பன்றோ?

ஒலியளவைக் கூட்டினால் தெளிவும் கூடும் என்பது தவறான எண்ணம். கல்லும் பளிங்கும் கண்ணாடியும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. ஜொகூர் பாரு அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம் போன்ற இடங்களில் சுவரும் தூணும் விதானமும் விளக்கொளியை எதிரொளிப்பது போலவே குரலையும் எதிரொலிக்கும். அங்கே உரக்கவும் விரைந்தும் பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லை மூடிவிடும். நிறுத்தி, நிதானமாகப் பேசுவதே மருந்து.

ஒலிவாங்கிக்கும் சில இயல்புகள் உண்டு. வாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் இருமடங்கானால், அதை அடையும் ஒலியாற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே நான்கு விரற்கடை இடைவெளியை இறுதிவரை மாற்றாமல் காத்தல் நலம். வாய்க்கு நேராக வையாமல் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால், ‘ப’கர ஒலியில் மூச்சுக்காற்று மோதி வெடிக்காது. வலைத்தலையைக் கையால் மூடுவதும், ஒலிபெருக்கிக்கு எதிரே நின்று பேசுவதும் வீறிடும் ஓசையை வரவழைக்கும். சோதிக்கத் தட்ட வேண்டியதில்லை. “வணக்கம்” என்று ஒருமுறை சொன்னாலே போதும்.

வெளியில் வாழ்வோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1911ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் ஜொகூர் பாரு அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானத்திற்கு அருகிலேயே, ஜாலான் துருஸில் பழைய சீன ஆலயமும் சீக்கியர் குருத்துவாராவும் உள்ளன. பல சமயத்தார் கூடி வாழும் நகரில், அளவான ஒலி அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதையாகும்.

திறந்த வெளிக்கென்றே அமைந்த நாதஸ்வரத்தின் முன்னும் தவிலின் முன்னும் ஒலிவாங்கியை நெருக்கி வைப்பது தேவையற்றது. தீபாராதனை வேளையில் அறிவிப்புகளை அறவே நிறுத்துதல் வேண்டும். உபயகாரர் பெயர்களை முன்கூட்டியே எழுதி வைத்துப் பிழையின்றி வாசிப்பதே அவர்களுக்குச் செய்யும் சிறப்பு.

ஆலய நிர்வாகங்கள் செய்ய வேண்டியது பெரிதன்று. திருவிழாவுக்கு முன் ஒருமுறை, பேசுபவரை மேடையில் நிறுத்தி, தொண்டர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். அவருக்குப் பொருள் விளங்கினால் அவ்வளவே சரியான அளவு. அம்பிகையின் சந்நிதியில் உரத்துப் பேசியவர் எவர் என்பது எவர்க்கும் நினைவிராது. உள்ளத்தில் பதிந்த ஒரு நல்ல சொல் தலைமுறைக்கும் நிலைத்திருக்கும்.