முகம் மட்டும் புதுசு!

முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம், ஆவடி வட்டாரத்தில் எந்த வீட்டுப் பழைய பீரோவைக் குடைந்தாலும் ஒரு எச்.எம்.டி. வாட்ச் அகப்பட வாய்ப்பு உண்டு. விமானப்படை, டேங்க் ஃபேக்டரி என்று மாதச் சம்பளக் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் ஆயிற்றே! முதல் சம்பளத்தில் வாங்கியது, மாப்பிள்ளைக்குப் போட்டது என்று அதற்கு ஒரு கதையும் இருக்கும். அதைத் தொலைத்துவிட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் அப்பா கட்டிய அதே மாடலை இன்று ஆன்லைனிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தேடுகிறார்கள். அதிகம் ஏமாறுவதும் அவர்கள்தான்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது எச்.எம்.டி. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. இனி வராது என்றதும் ஜனதா, பைலட், சோனாவுக்கெல்லாம் மவுசு கூடிவிட்டது. பழைய மெஷினை எடுத்து, டயலுக்குப் புது பெயின்ட் அடித்து, பளபள கேஸில் மாட்டி விற்பவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், ‘மும்பை ஸ்பெஷல்’.

கண்டுபிடிப்பது எப்படி? முதலில் டயல். வாட்ச் கடைக்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸில் பார்த்தால், கம்பெனி அச்சு கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். திரும்ப அடித்ததில் எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் கோணலாகி, பெயர் நடுவிலிருந்து விலகி நிற்கும். நிமிட முள் கோடுகளைத் தொடாமல் குட்டையாக இருந்தால், அது வேறு வாட்சின் முள்ளாக இருக்கலாம். விசேஷத்துக்குக் கட்டும் தங்கமுலாம் வாட்ச் என்றால் ஓரங்களைப் பாருங்கள். பட்டை மாட்டும் இடத்தில் முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது, டயலோ நேற்று வந்தது போல மின்னுகிறது என்றால், உடம்புக்கு 50 வயது, முகத்துக்கு 5 வயது!

சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று கலர் கலராக வரும் ‘பைலட்’களில் பெரும்பாலானவை இப்படி முகம் மாறியவைதான். ‘பைலட்’ என்ற பெயரை வைத்தே, விமானப்படைக்குக் கொடுத்தது என்று கூடுதல் விலை சொல்பவர்களும் உண்டு. அது கடையில் எல்லோரும் வாங்கிய மாடல். முத்தாபுதுப்பேட்டையில் இந்தக் கதை விலைபோவது கஷ்டம். மற்ற ஊர்க்காரர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும்.

அடுத்து, பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். டயலில் 17 ஜுவல் என்றிருந்தால் மெஷினிலும் அதுவே இருக்க வேண்டும்; கம்பெனி பெயரும் பொருந்த வேண்டும். ஆன்லைனில் வாங்குபவர்கள் உள்பக்கப் படத்தைக் கேட்கலாம். ‘திறந்தால் ரிப்பேர் ஆகிடும் சார்’ என்பவரிடம் வாங்காமல் இருப்பதே லாபம். நேரில் என்றால் முழுதாகச் சாவி கொடுத்துக் காதில் வையுங்கள். டிக் டிக் சத்தம் சீராக வர வேண்டும். நல்ல நிலையில் உள்ள வாட்ச் ஒரு நாளைத் தாண்டியும் ஓடும்.

டயல் மாற்றியதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் தப்பில்லை. தினமும் கட்ட அது போதும். அப்பாவின் நினைவாக வாங்குபவர்களுக்கு, லேசாகப் பழுப்பேறிய அசல் டயல்தான் மேல்.

வீட்டிலேயே ஒன்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் மெஷினையும் டயலையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆயில் போட்டால் போதும், டயலைத் தொட வேண்டாம், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.