"கவனமாச் செய்" என்று சொன்னால் போதுமா?

போன கோடையில் ஒரு சனிக்கிழமை. ஒரு பிறந்தநாள் விழாவுக்கு 300 மட்டன் ரோல்ஸ் கொடுக்க வேண்டும். காலையில் முதல் நாற்பதை எண்ணெயில் போட்டோம். பாதிக்கு மேல் வெடித்துவிட்டன. உருளைக்கிழங்கும் இறைச்சியும் எண்ணெயில் மிதந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலைக்கு வந்திருந்த தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"கவனமாச் செய் எண்டு எத்தனை தரம் சொன்னனான்!"

அவன் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "சொன்னீங்கள் அக்கா. ஆனா எதைக் கவனிக்கிறது எண்டு சொல்லேல்லையே."

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏனென்றால் எனக்கே அது தெரியாது. அம்மா வந்து கறிச் சட்டியில் கையை வைத்துப் பார்த்தா. "கறி இன்னும் ஆறேல்லை பிள்ளை. சூட்டோட சுத்தினா உள்ளுக்க ஆவி நிண்டு வெடிக்கும்" என்றா. பிறகு ஒரு ரோல்ஸை எடுத்து, இரண்டு பக்க ஓரத்தையும் மடித்து, மாப்பசை பூசி இறுக்கிச் சுற்றிக் காட்டினா. பத்து விநாடிதான். அதற்குப் பிறகு ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அம்மாவுக்கு இது முப்பது வருடமாகத் தெரியும். நான் கேட்டதில்லை, அவவும் சொன்னதில்லை. அந்தப் பொடியனுக்கு ஒருத்தரும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் பேச்சு வாங்கியது அவன்தான்.

அன்று இரவு எனக்கு ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளரின் ஞாபகம் வந்தது. ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் இருப்பது புதினமில்லை. 2019இல் ராப்டர்ஸ் வென்றபோது எங்கள் வீட்டில் அப்பம்மாகூட நித்திரை கொள்ளவில்லை. ஆனால் நான் சொல்லப்போகிறவர் அதற்கு மிகவும் முந்தியவர். பெயர் ஜோன் வூடன். 1948 முதல் 1975 வரை லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். கடைசிப் பன்னிரண்டு வருடங்களில் பத்துத் தடவை அமெரிக்கப் பல்கலைக்கழகச் சாம்பியன் பட்டம் வென்றார். தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் தோற்காமல் இருந்ததும் அவருடைய குழுதான்.

இப்படிப்பட்டவர் ஒவ்வொரு வருடமும் முதல் நாள் பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்? காலுறை போடுவது எப்படி என்று!

நாட்டிலேயே சிறந்த இளம் வீரர்கள் முன்னால் இருப்பார்கள். அவர்களைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, காலுறையில் ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துப் போடக் காட்டுவார். பிறகு சப்பாத்து நாடாவை எப்படி இறுக்குவது என்று காட்டுவார். சுருக்கம் இருந்தால் கால் கொப்பளிக்கும். கொப்பளித்தால் பயிற்சிக்கு வர முடியாது. பயிற்சி இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை. "கவனமா ஓடு" என்று அவர் சொல்லவில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று காட்டினார்.

எங்கள் ரோல்ஸுக்கு ஆறின கறியும் ஒட்டின ஓரமும்தான் அந்தக் காலுறை.

தொழில் தொடங்குகிற எங்கள் வயதுக்காரர் விளையாட்டுப் பயிற்சியாளரிடம் தவறான பாடத்தைப் படிக்கிறோம் என்பது என்னுடைய கருத்து. பயிற்சியாளர் என்றவுடன் எங்களுக்கு ஞாபகம் வருவது படங்களில் வருகிற அந்த இடைவேளைப் பேச்சுத்தான். எல்லோரும் தோற்றுக்கொண்டிருப்பார்கள், அவர் கண் கலங்கப் பேசுவார், உடனே வென்றுவிடுவார்கள். நாங்களும் அப்படிப் பேசிப் பார்க்கிறோம். வேலைக்கு வருகிறவர்களுக்குக் காலையில் உற்சாகமான வசனம் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வேலை பிழைத்தால் கத்துகிறோம். இரண்டிலும் அவர்கள் படிக்க ஒன்றுமில்லை.

வூடன் உண்மையில் என்ன பேசினார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1974-75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். அதில் பாதி, எதை எப்படிச் செய்வது என்ற நேரடி அறிவுறுத்தல். பாராட்டு ஏறத்தாழ 7 சதவீதம். வெறும் கண்டிப்பும் அதே அளவுதான். ஒருவன் பிழை விட்டால், சரியாகச் செய்வதைக் காட்டுவார், அவன் செய்த மாதிரியைக் காட்டுவார், திரும்பவும் சரியானதைக் காட்டுவார். சில விநாடிகளில் முடிந்துவிடும். பயிற்சி தொடரும்.

எங்கள் அம்மா அந்தச் சனிக்கிழமை செய்ததும் அதுதான். அவவுக்கு வூடன் யார் என்று தெரியாது.

இது சும்மா வருவதில்லை. இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு வூடனும் உதவியாளர்களும் காலையில் அதேயளவு நேரம் இருந்து திட்டம் போடுவார்கள். எந்தப் பயிற்சிக்கு எத்தனை நிமிடம் என்று சிறிய அட்டையில் எழுதி வைத்திருப்பார். பழைய குறிப்புகளையும் எறியவில்லை. போன வருடம் இதே நாளில் என்ன செய்தோம் என்று எடுத்துப் பார்ப்பார்.

இன்னொரு விஷயம். பல்கலைக்கழகக் குழுவில் ஒருவரும் நிலையாக இருக்க மாட்டார்கள். மூன்று, நான்கு வருடத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். 1964இல் வூடனின் முதல் பட்டம் வென்ற குழுவில், ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரில் ஒருவரும் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் இல்லை. அந்த வருடம் 30 ஆட்டம், 30 வெற்றி. பிறகு 7 அடிக்கு மேல் உயரமான கரீம் அப்துல் ஜபார் வந்தார், மூன்று பட்டம் வென்று போனார். பில் வோல்டன் வந்தார், அவரும் போனார். 1975இல் இருவரும் இல்லாமல் இன்னொரு பட்டம். ஆட்கள் மாறினார்கள். சொல்லிக் கொடுக்கிற முறை மாறவில்லை.

எங்கள் ஆட்களின் சின்னத் தொழில்களை நினைத்துப் பாருங்கள். பலகாரம், தையல், பூ அலங்காரம், கணக்கு எழுதுகிற வேலை. எல்லாம் ஒருத்தரின் கையில் இருக்கும். "அம்மாவின் கைப்பக்குவம்" என்று பெருமையாகச் சொல்லுவோம். ஆனால் அந்தக் கைக்கு நோ வந்தால்? போன மாரியில் அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. வந்த ஓடர்களை எல்லாம் திருப்பிவிட்டேன். வார இறுதிக்கு எடுத்த சமையலறைக்கு வாடகை மட்டும் கட்டினேன். தொழில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் அம்மாவின் ஒரு மணிக்கட்டு. அதைப் புரிந்துகொண்டு திருந்தாமல், கோடையில் அந்தத் தம்பியைக் கத்தினேன் பாருங்கள், அதுதான் எனக்கு வெட்கம்.

"விளையாட்டு வேறு, வியாபாரம் வேறு" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அவருக்குப் பயிற்சி நாள் வேறு, ஆட்ட நாள் வேறு. எங்களுக்குக் கடை திறந்தால் ஒவ்வொரு நாளும் ஆட்டம். அவருடைய வீரர்கள் மாணவர்கள். எங்களிடம் வருகிறவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள், அதைச் சரியாகக் கொடுக்காமல் "நாங்கள் எல்லாரும் ஒரு குழு" என்று கதைக்கக் கூடாது. ஆனால் ஆட்ட நாளில் படிப்பிக்க முடியாது என்பதுதானே பயிற்சிக்கு வேறு நேரம் வேண்டும் என்பதற்கே காரணம்? 300 ரோல்ஸ் காத்திருக்கும்போது நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்? கத்தத்தான் வரும்.

பொறுமையையும் அவரிடம் பார்க்கலாம். முதல் பட்டத்துக்கு வூடன் 16 பருவங்கள் எடுத்தார். ஆரம்பத்தில் குழுவுக்கு ஒழுங்கான மைதானம்கூட இல்லை. ஒரு பழைய ஜிம்மின் தரையைப் பயிற்சிக்கு முன்னர் அவரே துடைத்திருக்கிறார். ஆனால் 16 வருடமும் ஒரே மாதிரி இருந்து வென்றார் என்று நினைக்க வேண்டாம். 1963-64 பருவத்தில், மைதானம் முழுவதும் எதிரணியை நெருக்கி ஆடும் முறைக்குப் போகலாம் என்று உதவிப் பயிற்சியாளர் ஜெரி நோர்மன் வற்புறுத்தினார். வூடன் கேட்டார். அந்த வருடம்தான் முதல் பட்டம் வந்தது. தனக்குக் கீழே வேலை செய்கிறவர் சொன்னதைக் கேட்டதும் பயிற்சியாளரின் வேலைதான். நல்ல காலம், எங்கள் சமையலறையிலும் ஒருவன் வாயைத் திறந்து சொன்னான்.

அதற்குப் பிறகு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெள்ளி பின்னேரம் இருபது நிமிடம், ஓடர் இல்லாத நேரம். ஒரு கிழமைக்கு ஒரு விஷயம் மட்டும். அம்மா காட்டுவா, மற்றவர்கள் செய்வார்கள், அம்மா திருத்துவா, திரும்பச் செய்வார்கள். நான் எழுதுவேன். ரோல்ஸுக்கு ஆறு வரி வந்தது. முதல் வரி: "கறி கையில் குளிராக இருக்க வேண்டும்." அம்மா முதலில் சிரித்தா. "இதையெல்லாம் எழுதி வைக்கிறதே?" இப்போது அவவே சொல்லுகிறா, "இதையும் எழுது."

புரட்டாதியில் அந்தத் தம்பி வேறு நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டான். போவதற்கு முந்தின வெள்ளி, புதிதாக வந்த தங்கச்சிக்கு அவன்தான் காட்டிக் கொடுத்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் "கவனமாச் செய்" என்று ஒரு தரமும் சொல்லவில்லை. அவளின் கையைப் பிடித்துச் சட்டியில் வைத்து, "இந்தக் குளிர் வந்தாப் பிறகுதான் சுத்த வேணும்" என்றான்.

உங்களிடமும் இரண்டு பேர் வேலை செய்தால், அல்லது பள்ளிக்கூடத்தில் ஒரு குழுவை நடத்தினால், இந்தக் கிழமை ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் அடிக்கடி கத்துகிற வசனத்தை எழுதுங்கள். அதற்குக் கீழே, அவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொட வேண்டும் என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பிழை அவர்களில் இல்லை.