நெஞ்சுக்குள் ஒரு பரிசோதனைச் சாவடி
கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கும் தைமஸ் சுரப்பிக்கும் என்ன சம்பந்தம்?

2025-ம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் கிடைத்தது. பிறந்த சில நாட்களிலேயே தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட சுண்டெலிகளின் கதிதான் சகாகுச்சியின் சிந்தனையைக் கிளறி விட்டது.

தைமஸ் எங்கே இருக்கிறது? மார்பெலும்புக்குப் பின்னால், இருதயத்துக்கு மேலே. அதனால் பயன் ஒன்றுமில்லை என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1961-ல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி அந்த எண்ணத்தை மாற்றினார்.

எலும்பு மச்சையில் பிறக்கும் இளம் அணுக்கள் இங்கே வந்து "டி" அணுக்களாக முதிர்கின்றன. பரிசோதனை கடுமையானது. எதையும் அடையாளம் காணத் தெரியாத அணு சாகிறது. சொந்த உடலையே தாக்கக்கூடிய அணுவும் சாகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தேறுவதில்லை!

ஒட்டும் புரதங்கள்

சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவர், முதலில் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்திக்கொள்வார் அல்லவா? இங்கும் அப்படித்தான். அடையாளம் காணும் பிடி மிகப் பலவீனமானது. அணு நழுவாமல் நிற்க ஒட்டும் புரதங்கள் வேண்டும். இளம் அணுவின் மேல் எல்.எப்.ஏ.-1, சுரப்பியின் அணு மேல் ஐகேம்-1. இரண்டும் கோத்துக்கொள்கின்றன. இத்தகைய புரதங்களை ஆராய்ந்த திமோதி ஸ்பிரிங்கர், 2022-ல் வேறு இருவருடன் லாஸ்கர் பரிசு பெற்றார்.

தேறி வெளியே போன அணுவுக்கும் இந்தப் பிடி தேவை. எல்.எப்.ஏ.-1 இல்லாத சுண்டெலிகளால் காசநோய்க் கிருமியைத் தடுக்க முடியவில்லை என்று 2006-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது.

திருவள்ளூரின் அனுபவம்

காசநோய் என்றால் திருவள்ளூர் வட்டாரத்தை உலகமே அறியும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்திருந்த இப்பகுதியில் 1968-ல் பி.சி.ஜி. பரிசோதனை தொடங்கிற்று. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போடப்பட்டது. 1979-ல் முதல் முடிவு வந்தது. பெரும் ஏமாற்றம்! பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. (கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை அது தடுப்பது உண்மை. ஆகவே குழந்தைக்கு ஊசி போடாமல் இருந்துவிடக் கூடாது.)

1999-ல் இதே ஜில்லாவில் நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் திட்டம் வந்தது. நோய் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை.

ஏன்? ஊசியும் மாத்திரையும் மட்டும் போதாது, சோறும் வேண்டும். அரைவயிற்றுக் குழந்தைக்கு முதலில் சுருங்குவது தைமஸ்தான். பெரியவர்களுக்கும் ஊட்டக் குறைவு நோய் எதிர்ப்பைக் குலைக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பி வெளிமாநிலங்களிலிருந்து வந்து, ஓர் அறையில் பலராகப் படுக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை என்ன? வார்ப்பட ஆலையில் வேலை என்றால் சிலிக்கா தூசி வேறு. அதுவும் காசநோய்க்கு வழி திறக்கும்.

அரிசியும் பருப்பும்

ஜார்க்கண்டில் நடந்த பரிசோதனையின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. நோயாளியின் வீட்டாரில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவே! அந்த வீடுகளில் புதிதாக நோய் காண்பது 39 சதவிகிதம் குறைந்தது. 

மத்திய சர்க்கார் நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவியை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக்கியது. நல்லதே. ஆனால் வீட்டாருக்கு உணவுப் பொட்டலம் தருவதை நன்கொடையாளர் கையில் விட்டிருக்கிறது. கொடையாளர் கிடைத்தால் பருப்பு, கிடைக்காவிட்டால் இல்லை. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தொழிலாளிக்கு "வீட்டார்" யார்? பக்கத்துப் பாயில் படுப்பவன்தான். அவன் பெயர் எந்த ரேஷன் கார்டிலும் இவனோடு சேர்ந்து இராது. உணவு தருவோர் கணக்கில் முதலில் சேர்க்க வேண்டியது அவனைத்தான்.